பிரேரணையைத் தூக்கிவிட்டார்கள்: ஒன்லைன் விளையாட்டில் மேன்முறையீடு எப்படி நடக்கிறது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கும் பிள்ளைகள் பப்ஜியும் பிரீ ஃபயரும் மட்டும்தான் ஆடுகிறார்கள் என்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். சுடுவதும் ஓடுவதும் இல்லாமல், எழுதுவதே ஆட்டமாக இருக்கும் விளையாட்டுகளும் உண்டு. விவாத அணி, பட்டிமன்றம் என்று பள்ளிக்கூடத்தில் பேசிப் பழகியவர்களுக்கு அவை நன்றாகப் பிடித்துப்போகும்.

அங்கே புதியவர்களைத் திகைக்க வைக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் இருந்து ஒரு பிரேரணை எழுதுகிறார்கள். அதற்கு ஆதரவு சேர்ந்துகொண்டிருக்கும்போதே பிரேரணையைக் காணவில்லை. ‘விதிமீறல், நீக்கப்பட்டது’ என்று ஒரு சிறிய அறிவித்தல் மட்டும் கிடக்கிறது. யார் நீக்கியது? எந்த அதிகாரத்தில்? யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் ஏதாவது நடக்குமா?

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற விளையாட்டை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு மேலாக ஓடும் ஆட்டம் அது. பிரேரணை, நீக்கம், முறையீடு எல்லாவற்றிலும் அடிபட்டு அடிபட்டு ஒரு நடைமுறைக்கு வந்திருக்கிறார்கள்.

முதலில் ஆட்டம்

நேஷன்ஸ்டேட்ஸை உருவாக்கியவர் அவுஸ்திரேலிய எழுத்தாளர் மக்ஸ் பரி. தன்னுடைய நாவல் ஒன்றுக்கு விளம்பரமாக 2002 நவம்பரில் அதைத் தொடங்கினார். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை நாட்டை உண்டாக்கி ஆள்வார்கள். நாடுகள் சேர்ந்து பிராந்தியங்கள் ஆகும். விருப்பமான நாடுகள் உலக சபையில் சேரலாம்.

அந்தச் சபைக்கு ஆரம்பத்தில் ஐக்கிய நாடுகள் என்றே பெயர் இருந்தது. 2008 ஜனவரியில் உண்மையான ஐ.நா.விடமிருந்து, பெயரைப் பாவிக்க வேண்டாம் என்று அறிவித்தல் வந்தது. அந்த வருடம் ஏப்ரல் 1ஆம் திகதி பெயர் மாறியது. திகதியைப் பார்த்தால் பகிடி போல இருக்கும், பகிடி இல்லை. ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கே மேலே ஒருவர் இருந்து ‘இதை எடு’ என்று சொல்லலாம் என்பதை அங்கே எல்லோரும் நேரில் பார்த்தார்கள்.

சபையில் பொதுச்சபை, பாதுகாப்புச் சபை என்று இரண்டு பிரிவுகள். இரண்டாவது 2009இல் வந்தது. பொதுச்சபையில் ஒரு பிரேரணை நிறைவேறினால் அங்கத்துவ நாடுகள் எல்லாவற்றிலும் அது பலிக்கும். எதிர்த்து வாக்களித்த நாடும் தப்ப முடியாது. ஆகவேதான் பிரேரணை எழுதுவதை அங்கே பெரிய விஷயமாக எடுக்கிறார்கள்.

பிரேரணை போகும் பாதை இதுதான்:

1. எழுதுகிறவர் சபையின் அங்கத்தவராக இருக்க வேண்டும். வேறு இரண்டு அங்கத்துவ நாடுகளாவது அவரை ஆமோதித்திருக்க வேண்டும்.
2. பதிந்த பிறகு, பிராந்தியப் பிரதிநிதிகளில் 6 சதவீதம் பேருடைய ஒப்புதல் தேவை. பிரதிநிதிகள் 1000 பேர் என்று வைத்துக்கொண்டால் 60 பேர்.
3. அதுவும் கிடைத்தால் வாக்கெடுப்பு வரிசையில் நிற்கும். வாக்கெடுப்பு நான்கு நாள் நடக்கும்.

நீக்கம் பெரும்பாலும் இரண்டாவது படியில்தான் நடக்கிறது. அந்த 60 ஒப்புதல்களும் தாமாக வந்து விழுவதில்லை. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் தந்தி அனுப்பிக் கேட்க வேண்டும் (ஆட்டத்துக்குள் போகும் செய்திக்குத் தந்தி என்றுதான் பெயர்). பிரேரணை நீக்கப்பட்டால் அதற்குக் கிடைத்த ஒப்புதல்களும் அதோடு போய்விடும். எழுத்து எங்கும் போகாது, கணினியில் பிரதி இருக்கும். போவது அந்த ஒப்புதல்கள்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், முறையிடுவதா விடுவதா என்ற கேள்வி வரும்போது உதவும். அதற்குக் கீழே வருவோம்.

யாருடைய விதி மீறப்பட்டது?

‘மொடரேட்டர் (தளத்தை மேற்பார்க்கிறவர்) நீக்கிவிட்டார்’ என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொதுக்கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கொண்டுவந்த பிரேரணை யாப்புக்கு முரணாக இருந்தால், ‘இதை எடுக்க ஏலாது’ என்று தலைவர் சொல்லுவார். இன்னொருவர் வெறியில் வந்து தூஷணத்தால் கத்தினால் அவரை வெளியே அனுப்புவார். தலைவர் ஒருவர்தான், ஆனால் செய்த காரியம் இரண்டும் ஒன்றல்ல. முதலாமவர் யாப்பைத் தூக்கிக்கொண்டு வாதாடலாம். இரண்டாமவர் யாப்பைத் தூக்கி ஒரு பிரயோசனமும் இல்லை.

விளையாட்டிலும் அப்படித்தான். ஒன்று தள விதி: அவதூறு, வெறுப்புப் பேச்சு, ஸ்பாம் போன்றவை. இது மொடரேட்டர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். மற்றது பிரேரணை விதி: ஒரு சட்டவாசகம் எப்படி இருக்கலாம், எப்படி இருக்கக் கூடாது என்பது. ஆரம்பத்தில் இதையும் மொடரேட்டர்களே பார்த்தார்கள். 2016இலிருந்து பொதுச்சபைப் பிரேரணைகளின் சட்டப்பொருத்தத்தைத் தீர்மானிப்பது ஒரு சிறிய செயலகம். அதில் இருக்கிறவர்களும் ஆட்டக்காரர்களே. செயலகத்தின் அதிகாரம் பொதுச்சபையோடு நின்றுவிடும். பாதுகாப்புச் சபைப் பிரேரணையை எழுதியவர் இவர்களிடம் போய்ப் பயனில்லை.

ஆகவே முதல் வேலை, வந்த அறிவித்தலை ஆறுதலாக வாசித்து இது எந்த வகை என்று கண்டுபிடிப்பது. அறிவித்தலில் காரணம் இல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு முன்பு காரணத்தைக் கேளுங்கள். எந்த விதி, எந்த வரி என்று தெரியாமல் எழுதும் முறையீடு இருட்டுக்குள் கல்லெறிவதுதான்.

பனைமரப் பிரேரணை ஒன்று

உதாரணத்துக்கு ஒன்றை நாமே கட்டிப் பார்ப்போம். கொக்குவிலில் இருக்கும் ஒரு மாணவி பனைமரங்களைக் காப்பதற்குப் பிரேரணை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சரத்துகள்:

1. யாழ்ப்பாணக் குடாநாட்டில் போர்க்காலத்தில் பெருந்தொகைப் பனைகள் அழிந்ததை இச்சபை கவலையுடன் நோக்குகிறது.
2. அங்கத்துவ நாடுகள் அனுமதியின்றிப் பனை தறிப்பதைத் தடை செய்ய வேண்டும்.
3. இதைக் கண்காணிக்க ஒரு சபை அமைக்கப்படும். அதற்கு எழுதியவரின் நாடு தலைமை வகிக்கும்.
4. பனை பற்றிய பிரேரணைகளுக்கு வாக்கெடுப்புக் காலம் ஏழு நாளாக இருக்கும்.

நம் ஊர்க் கண்ணுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. அங்கே நான்கிலும் தட்டும்.

முதலாவது, உண்மை உலகக் குறிப்பு. அந்த உலகத்தில் யாழ்ப்பாணம் என்று ஓர் இடமே இல்லை. நிஜமான இடத்தையோ ஆளையோ நிறுவனத்தையோ பிரேரணை பெயர் சொல்லக் கூடாது. பனையைப் பற்றி எழுதலாம், குடாநாட்டைப் பற்றி எழுத முடியாது. மனதுக்கு நெருக்கமான வரிதான் முதலில் வெட்டுப்படும் என்பது கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

மூன்றாவது சரத்து குழுக்கள் பற்றிய விதியில் மாட்டும். சபை அமைக்கும் குழுக்களில் கற்பனைக் குள்ளர்கள்தான் வேலை செய்கிறார்கள் என்பது அங்கே வழக்கம். ஓர் ஆட்டக்காரரின் நாட்டை அதில் உட்கார வைக்க முடியாது. கழகத்துக்குக் கிண்ணம் அன்பளிப்புச் செய்தவரைப் போசகர் ஆக்கும் நம்முடைய பழக்கம் அங்கே எடுபடாது.

நான்காவது, ஆட்டத்தின் பொறிமுறையையே மாற்றப் பார்க்கிறது. வாக்கெடுப்பு எத்தனை நாள் என்பது மென்பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. பிரேரணையால் அதைத் தொட முடியாது. விதியை மாற்றுவதே ஆட்டமாக இருக்கும் விளையாட்டும் உலகத்தில் உண்டு. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் உருவாக்கி 1982இல் பிரபலமான நோமிக் அப்படியானது. அங்கே ஏழு நாள் என்று பிரேரித்தால் வாக்கெடுப்புக்கு எடுப்பார்கள். இங்கே எடுக்கமாட்டார்கள்.

இரண்டாவது சரத்தை வேண்டுமென்றே கடைசிக்கு விட்டேன். அதில் இருக்கும் சிக்கல் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிற எல்லோருக்கும் வருவது. ‘தடை செய்ய வேண்டும்.’ இந்த ‘வேண்டும்’ கட்டளையா, புத்திமதியா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், குரலை வைத்துத்தான் தெரியும். அம்மா ‘நேரத்துக்குச் சாப்பிட வேணும்’ என்று சொல்வதும் பொலிஸ்காரர் ‘லைசென்ஸ் காட்ட வேணும்’ என்று சொல்வதும் ஒன்றா? ஆங்கிலச் சட்டவாசகத்தில் ‘ஷல்’ என்றால் கட்டளை, ‘ஷுட்’ என்றால் அறிவுரை. பிரேரணையைப் பதியும்போது அது என்ன வகை, எவ்வளவு வலிமையானது என்று தெரிவு செய்ய வேண்டும். வலிமையானது என்று தெரிவு செய்துவிட்டு உள்ளே முழுக்க ‘ஷுட்’ போட்டிருந்தால், தெரிவுக்கும் வாசகத்துக்கும் பொருந்தவில்லை என்று கேள்வி வரும். தடை செய்யத்தான் அவள் எழுதினாள். ஆங்கிலத்தில் அது ஒரு வேண்டுகோளாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இவை தவிர இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் தீர்மானம் செய்த வேலையையே திரும்பச் செய்வது ஒன்று, அதற்கு முரண்படுவது மற்றது. பொதுச்சபையில் இதுவரை 700க்கு மேற்பட்ட தீர்மானங்கள் நிறைவேறியிருக்கின்றன. நிறைவேறிய தீர்மானத்தைத் திருத்த முடியாது. பிடிக்காவிட்டால் முதலில் அதை ரத்துச் செய்ய ஒரு பிரேரணை கொண்டுவந்து வெல்ல வேண்டும்.

மேன்முறையீட்டில் என்ன பார்ப்பார்கள்?

உயர்தரப் பெறுபேற்றுக்கு மீள்பரிசீலனை கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மீள்பரிசீலனையில் விடைத்தாளைத்தான் திரும்பப் பார்ப்பார்கள். பரீட்சை அன்று காய்ச்சல், இரண்டாம் பகுதிக்கு நேரம் போதவில்லை, இன்னொரு தடவை விட்டால் நன்றாக எழுதுவேன் என்று சொல்ல அங்கே இடமில்லை.

மேன்முறையீடும் அதேதான். பிரேரணை நல்லதா, உலகத்துக்குத் தேவையா, எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பதெல்லாம் அங்கே வராது. கேள்வி ஒன்றே ஒன்று: இந்த விதி இந்த வரிக்குப் பொருந்துகிறதா? பனையின் அருமை பெருமையை இரண்டு பக்கத்துக்கு எழுதினாலும், யாழ்ப்பாணம் என்ற சொல் முதல் சரத்தில் இருக்கும்வரை முடிவு மாறாது.

ஆட்டக்காரர் கேட்டுப் பெறக்கூடியவை மூன்று. எது தவறு என்று சொல்லப்படுவது, தன் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைப்பது, முதல் முடிவை எடுக்காத வேறொருவர் அதைப் பார்ப்பது. சட்டம் படித்தவர்கள் இயற்கை நீதி என்று சொல்வது இதைத்தான்: மறுபக்கத்தையும் கேள், தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இராதே. இணையத் தளங்களுக்காக 2018இல் சில அமைப்புகளும் ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட சாண்டா கிளாரா கோட்பாடுகளிலும் அறிவித்தல், மேன்முறையீடு இரண்டும் இருக்கின்றன. மேன்முறையீட்டை முதல் முடிவில் சம்பந்தப்படாத ஆள் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

நேஷன்ஸ்டேட்ஸில் தள விதி நீக்கத்துக்கு உதவிக் கோரிக்கை வழியாகத்தான் போக வேண்டும். சம்பந்தப்படாத இன்னொரு மொடரேட்டர் அதைப் பார்ப்பார். பொதுச்சபைச் சட்டப் பிரச்சினை என்றால் செயலகம் ஆராய்ந்து பெரும்பான்மையால் முடிவு சொல்லும், காரணங்களையும் எழுதும். அந்தக் காரணங்களைத்தான் அடுத்து வருகிறவர்கள் எடுத்து வாதாடுவார்கள். அதாவது முன்னுதாரணம்.

திருத்திப் போடுவதா, முறையிடுவதா?

என் கணிப்பில் பத்துக்கு எட்டுத் தடவை முறையிடவே தேவையில்லை. யாழ்ப்பாணம் என்ற சொல்லை எடுக்க ஒரு நிமிடம், மூன்றாம் நான்காம் சரத்துகளை வெட்ட இன்னொரு நிமிடம். முறையீடு போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் திருத்திய பிரேரணைக்குப் பாதி ஒப்புதல் சேர்த்துவிடலாம். வீம்புக்கு முறையிடுகிறவர்கள் நேரத்தைத்தான் செலவழிக்கிறார்கள்.

முறையிட வேண்டிய இடங்களும் இருக்கின்றன:

1. நீக்கத்தோடு எச்சரிக்கையும் பதிவாகியிருந்தால். எழுத்தைத் திருத்தலாம், பதிவை நீங்களாகத் திருத்த முடியாது. விதி மீறும் பிரேரணைகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சபையிலிருந்து வெளியேற்றம் வரை போகும். தவறாக விழுந்த எச்சரிக்கையை விட்டுவைத்தால் அது அடுத்ததோடு சேர்ந்து கணக்கில் வரும்.
2. பிரச்சினையான வரியே பிரேரணையின் உயிராக இருந்தால். ‘அனுமதியின்றித் தறிக்கக் கூடாது’ என்பது பழைய தீர்மானம் ஒன்றுக்கு முரண் என்று நீக்கினார்கள் என்று வைப்போம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் முகவுரை. அப்போது முரண் இல்லை என்று வாதாடுவதைத் தவிர வேறு வழி கிடையாது.
3. இதே விளக்கம் நாளைக்கு மற்றவர்களையும் கட்டிப்போடும் என்றால். இதில் உங்கள் பிரேரணை சின்ன விஷயம். ஒரு விதியை எவ்வளவு அகலமாக விரிக்கலாம் என்பதே கேள்வி.

பயன் தரும் முறையீடுகள் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் இருக்கும். உண்மை உலகக் குறிப்பு கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வாதத்துக்கு இடமில்லை. முரண், இரட்டிப்பு இரண்டும் வாசிக்கிறவரைப் பொறுத்தவை. பழைய தீர்மானம் ‘விறகுக்காக’ மரம் வெட்டும் உரிமையைத் தந்திருக்கிறது, புதிய பிரேரணை ‘அனுமதி பெற்று’ வெட்டச் சொல்கிறது என்றால் இரண்டும் மோதுகின்றனவா? அனுமதி கேட்பது உரிமையை மறுப்பதாகுமா, அதை ஒழுங்குபடுத்துவதாகுமா? அனுபவமுள்ள செயலகத்தார் இதில் இரண்டாகப் பிரிந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

கடிதம்

பாடசாலையில் நாம் படித்த முறைசார் கடிதம் இங்கே காலை வாரிவிடும். ‘மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, பணிவான வணக்கம். இரவு பகலாகப் பாடுபட்டு எழுதிய எனது பிரேரணை நீக்கப்பட்டதை மிகுந்த மனவேதனையுடன் அறியத் தருகின்றேன். தயைகூர்ந்து மீளப் பரிசீலிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றேன்.’ இதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினால், வாசிக்கிறவருக்கு மனவேதனை விளங்கும், வாதம் விளங்காது. வாதம் அதில் இல்லையே.

இப்படி எழுதினால் வேலை செய்யும்: ‘பனை பாதுகாப்பு என்ற என் பிரேரணை முரண் விதியின் கீழ் நீக்கப்பட்டது. காரணமாகக் காட்டப்பட்டது 2ஆம் சரத்து. பழைய தீர்மானத்தின் 3ஆம் சரத்து விறகுக்கு மரம் வெட்டுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. என் சரத்து தடுக்கவில்லை, அனுமதி முறையை மட்டும் கேட்கிறது. பழைய தீர்மானம் அனுமதி முறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே இரண்டும் ஒன்றாக நிற்கலாம். முழு வாசகம் கீழே.’ ஆறேழு வரி. விதி, வரி, வாதம், வாசகம், அவ்வளவுதான். வாசகத்தைச் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம், நீக்கிய பிரேரணை திரையில் இருக்காது. பதியும் முன்பே பிரதி எடுத்து வைப்பது நல்லது.

ஒரு தடவை அனுப்பினால் போதும். பதில் வரவில்லை என்று மணிக்கொரு தடவை அனுப்பினால் நீங்களே ஸ்பாம் ஆகிவிடுவீர்கள். நமக்கு விடியும்போது அமெரிக்காவில் இருக்கிறவருக்குப் பொழுது சாய்ந்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, நம்முடைய வீடுகளுக்கு விசேடமாக. ஒருவருக்குச் சபையில் ஒரு நாடு மட்டும்தான் இருக்கலாம். அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பெடியன் எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்து ஆடினால், ஓர் ஆள் பல நாடு வைத்திருப்பதாகச் சந்தேகம் வரலாம். அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் ஒரே முறையீட்டை எழுதினால் சந்தேகம் இன்னும் கூடும். சபையிலிருந்து வெளியேற்றப்பட்டவர் வேறு பெயரில் உள்ளே வருவது தனிக் குற்றம், அதன் பிறகு முறையீட்டுக்கு மதிப்பே இருக்காது.

சட்டம் உதவுமா?

இலங்கையில் இருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இல்லை. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றக் கட்டளை) கேட்பது பொது அதிகாரிகளின் முடிவுகளுக்கு எதிராக. விளையாட்டுத் தளம் ஒரு தனியார் இடம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைச் சிலர் நினைப்பார்கள். அது தடை செய்யப்பட்ட கூற்றுகளை அகற்றுவிப்பதைப் பற்றிப் பேசும் சட்டம். அகற்றியதைத் திரும்ப வைப்பிக்கக் கேட்பவருக்கு அதில் பிடிமானம் கிடைக்காது.

பாரிஸில் இருக்கும் மச்சானுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் உறுப்புரைப்படி, அங்குள்ள பயனரின் உள்ளடக்கத்தை நீக்கும் சேவை அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 20ஆம் உறுப்புரை, முடிவு வந்து ஆறு மாதம் வரை இலவசமாக முறையிடும் வசதியைக் கேட்கிறது. ஆனால் சிறிய நிறுவனங்களுக்கு இந்த இரண்டாவது கடமையிலிருந்து விலக்கு உண்டு. தொண்டர்களை வைத்து ஓடும் விளையாட்டுகளில் பல அந்த விலக்குக்குள் வந்துவிடும். ஆகவே மச்சானும் கடைசியில் அந்த ஆறேழு வரிக் கடிதத்தைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

வென்றால்?

முறையீடு வென்றது, பிரேரணை விதிக்கு அமைவானதுதான் என்று முடிவு வந்தது என்று வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை இருந்தால் நீங்கும். அந்த விளக்கம் முன்னுதாரணமாக நிற்கும். பனைப் பிரேரணை எழுதிய மாணவியும் அதே வாசகத்தைத் திரும்பப் பதியலாம். ஒப்புதல்களோ போனது போனதுதான். முன்பு ஒப்புதல் தந்த பிரதிநிதிகளின் பட்டியலை எழுதி வைத்திருந்தால் வேலை சுலபம், ‘அதே பிரேரணை, விதிக்கு அமைவு என்று தீர்ப்பு வந்திருக்கிறது’ என்று ஒரு வரித் தந்தி போதும்.   கொக்குவிலில் அவள் மறுநாள் காலை தேநீரோடு கணினிக்கு முன்னால் வந்து உட்காரும்போது, 60இல் முதல் ஏழெட்டுப் பேர் ஒப்புதல் போட்டிருந்தால் அது நல்ல தொடக்கம்.